செப்பாங் போவதற்கு முன்: நட்டு, போல்ட்டு, டார்க் ரெஞ்ச்

முதல் தடவையாக டிராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்கு, பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லாரும் பிரேக் பேடு, டயர், எஞ்சின் எண்ணெய் பற்றித்தான் கேட்கிறார்கள். சக்கர நட்டைப் பற்றிக் கேட்டால், "அது டயர் கடையிலேயே போட்டுக் கொடுத்துட்டாங்க அண்ணே" என்று பதில் வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். ரிம்முக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை டயர் கடையில் மாட்டிக்கொண்டு, அந்த வாரமே சனிக்கிழமை செப்பாங் பந்தயத் தடத்தில் நான்கு செஷன் ஓட்டினேன். திரும்பும் வழியில் எலீட் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் லேசாக ஆட ஆரம்பித்தது. சாலைதான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனதும் இடது முன்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று சத்தம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் நட்டு மாட்டும் மரைக் கம்பிகளான ஐந்து ஸ்டட்டில் இரண்டு ஒடிந்து போயிருக்கின்றன, மற்ற மூன்றின் நட்டும் விரலால் சுற்றினாலே சுற்றுகிறது. லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போக, அந்த அவசரப் பாதையில் நின்ற அரை மணி நேரத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மணிக்கு 180-ஐத் தாண்டிப் போன நேர்கோட்டில் அந்தச் சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து என் காரில் சக்கரமும் பிரேக்கும் யார் கழற்றினாலும் கடைசி இறுக்கம் என் கையால்தான். இதைச் செய்ய ஃபோர்மன் ஆக வேண்டியதில்லை. ஒரு நல்ல டார்க் ரெஞ்சும் (வைத்த முறுக்கு வந்ததும் கிளிக் சொல்லும் ஸ்பானர்), உங்கள் காருக்கான சரியான எண்ணும், கொஞ்சம் பொறுமையும் போதும். நான் ஓட்டுவது முதல் தலைமுறை டொயோட்டா 86, அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். உங்கள் கார் வேறென்றால் முறை அதேதான், எண்கள் மட்டும் மாறும்.

இறுக்கும்போது என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும், அதனால் அவசரப்படாமல் படியுங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக மிகச் சிறிதளவு நீள்கிறது, ஒரு கெட்டியான ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்த மாதிரி. அது திரும்பச் சுருங்கப் பார்ப்பதால்தான் ரிம், அதைத் தாங்கிச் சுற்றும் ஹப்போடு அழுந்தி நிற்கிறது. காரின் பாரத்தை அந்த ஐந்து கம்பிகள் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரிம்மின் முதுகும் ஹப்பின் முகமும் ஒன்றோடொன்று அழுந்தி உரசிப் பிடிக்கின்றன, பாரத்தையும் பிரேக் விசையையும் அந்தப் பிடிப்புதான் வாங்கிக்கொள்கிறது. பிடிப்பு குறைந்தால் ரிம் நுண்ணிய அளவில் வழுக்கி அசையும், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளையும், வளைந்து வளைந்து களைத்து ஒடியும். என் இரண்டு ஸ்டட்டும் ஒடிந்தது இப்படித்தான்.

எவ்வளவு பிடிப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 86-க்கு நட்டை இறுக்க வேண்டிய முறுக்கின் அளவு 120 நியூட்டன் மீட்டர், ஸ்டட் 12 மில்லிமீட்டர். உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் உராய்வு எண் 0.2. 120-ஐ 0.2-ஆலும் 0.012 மீட்டராலும் வகுத்தால் 50,000 நியூட்டன் வருகிறது, அதாவது ஏறக்குறைய 5 டன். ஒரு நட்டுக்கு 5 டன், ஒரு சக்கரத்துக்கு 25 டன். முழுக் காரே சுமார் 1.2 டன்தான்.

இப்போது அதே மரையில் யாரோ எண்ணெய் தடவிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு எண் 0.15 ஆகக் குறைகிறது. ரெஞ்ச் அதே 120-இல் கிளிக் சொல்லும், ஆனால் பிடிப்பு 5 டன்னிலிருந்து 6.8 டன்னுக்குப் போய்விடும். ரெஞ்சுக்கு இது தெரியாது. அது அளப்பது உங்கள் கை கொடுக்கும் முறுக்கை மட்டும்தான். அந்த முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டப் போகிறது, மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிறது. அதனால் மரை துருப்பிடித்திருந்தால் கதை தலைகீழ்: கிளிக் வந்துவிடும், பிடிப்பு வந்திருக்காது. மழையிலும் ஈரத்திலும் நிற்கும் நம்மூர்க் கார்களுக்கு இது சாதாரண விஷயம்.

எண்ணை எங்கே எடுப்பது

உங்கள் காரின் ஓனர் மேனுவலில் சக்கர நட்டின் அளவு நிச்சயம் இருக்கும். பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின் போல்ட்டுகளுக்கு அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் வேண்டும். வாட்சாப் குழுவில் யாராவது சொன்ன எண்ணை வைத்து பிரேக்கில் கை வைக்காதீர்கள். அவர் சொன்னது வேறு வருடத்துக் காராக இருக்கலாம், வேறு அலகாகவும் இருக்கலாம்.

எண் எவ்வளவு மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட் போட்ட பெரும்பாலான ஹோண்டாக்களுக்கு 108 நியூட்டன் மீட்டர், ஆனால் எஃப்கே8 சிவிக் டைப் ஆருக்கு ஸ்டட்டே 14 மில்லிமீட்டர், அளவு 127. டொயோட்டாவின் பல சாதாரண கார்களுக்கு 103. கோல்ஃப் ஜிடிஐக்கு 120. மாஸ்டா எம்எக்ஸ்-5 எண்டிக்கு 108 முதல் 147 வரை என்று ஒரு வரம்பாகவே போட்டிருப்பார்கள். 991 வகை போர்ஷ 911-க்கு 160, அதே 991-இல் நடுவில் ஒரே நட்டு போட்ட சென்டர் லாக் என்றால் 600. அந்த 600-க்குத் தனியாகப் பெரிய ரெஞ்சும், உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார இன்னொரு ஆளும் தேவை.

அலகில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். ஜப்பானிலிருந்து ரீகண்டாக, அதாவது அங்கே ஓடிப் பழசாகி, வந்த கார்களின் புத்தகத்தில் கிலோகிராம் மீட்டரும் இருக்கும், நம்ம பழைய ஃபோர்மன்களும் "பன்னிரண்டு கிலோ வை" என்றுதான் சொல்வார்கள். 1 கிலோகிராம் மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டர், 1 அடி பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். 86-இன் 120 நியூட்டன் மீட்டரும், 12.2 கிலோகிராம் மீட்டரும், 89 அடி பவுண்டும் ஒன்றேதான். ரெஞ்சின் உடம்பில் இரண்டு பக்கமும் இரண்டு அலகு பொறித்திருப்பார்கள், மங்கிய வெளிச்சத்தில் அடி பவுண்டு பக்கத்தைப் பார்த்து 120 வைத்தால் உண்மையில் 163 வைத்திருப்பீர்கள். நான் வேண்டாத பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, உங்கள் காரில் நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளின் எண்களை மட்டும் நியூட்டன் மீட்டரில் எழுதிக் கருவிப் பெட்டியிலேயே வையுங்கள். டிராக் ஓரத்துப் பிட்டில் கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரெஞ்ச் வாங்குவது, வைத்திருப்பது

இரண்டு ரெஞ்ச் வேண்டும். அரை அங்குல முனையோடு 40 முதல் 200 வரை போகும் ஒன்று சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும். சின்ன முனையோடு 10-லிருந்து தொடங்கும் ஒன்று எண்ணெய் பிளக், பிரேக் ஸ்லைடு பின் (pin) போன்றவற்றுக்கு. எந்த ரெஞ்சையும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக்கூடாது, அதனால் ஒரே ஒரு பெரிய ரெஞ்சை வாங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஜாலான் பாசார் கடைத்தெருப் பக்கம் போனால் மலிவானதிலிருந்து ஜப்பான் டோனிச்சி வரை விசாரிக்கலாம். முதலில் கிளிக் வகையே போதும், டிஜிட்டல் அவசியமில்லை.

அதைக் கொண்டு நட்டைக் கழற்றக்கூடாது. கழற்ற நீளமான பிரேக்கர் பார் வேறு. வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும், 120-இலேயே விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்து தளர்ந்துவிடும். குறைந்த எண்ணுக்கும் கீழே சுழற்றிக் கழற்றியும் விடாதீர்கள். கீழே போட்டால் அன்றே சந்தேகப்பட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது 5000 கிளிக்குக்கு ஒரு தடவை சரிபார்க்கச் சொல்கிறது தரவிதி.

வீட்டிலேயே ஒரு தோராயச் சோதனை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கெட்டியாகப் பிடித்து, ரெஞ்சைத் தரைக்கு இணையாக நிறுத்தி, கைப்பிடியின் நடுவில் இரண்டு 10 கிலோ அரிசிப் பைகளைக் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். முனையின் மையத்திலிருந்து கயிறு வரை 40 சென்டிமீட்டர் என்றால் முறுக்கு 78 நியூட்டன் மீட்டர் சொச்சம், ரெஞ்சின் சொந்த எடை அதோடு கொஞ்சம் சேரும். 70-இல் வைத்தால் கிளிக் வர வேண்டும், 90-இல் வைத்தால் வரக்கூடாது. இதில் தோற்றால் அந்த ரெஞ்சைக் காரில் வைக்க வேண்டாம்.

சக்கர நட்டு, ஒவ்வொரு அடியாக

முந்தின நாள் சாயங்காலம், கார் முழுக்கக் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். சமதளமான இடம். கார் தரையில் நிற்கும்போதே பிரேக்கர் பாரால் ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜேக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு போடுங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் கைகாலை உள்ளே விடக்கூடாது, இதில் பேச்சே இல்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் உடனே அடுத்த வேலைக்கு ஓடாமல் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். துருவின் செதில், பழைய பெயின்ட், மணல் எதுவாக இருந்தாலும் வயர் பிரஷால் தேய்த்து எடுங்கள், ரிம்மின் முதுகையும் துடையுங்கள். அந்த இரண்டு முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட செதில் நாலு சுற்று ஓடியதும் நொறுங்கும், நொறுங்கியவுடன் பிடிப்பு இறங்கும். நட்டு உட்காரும் குழியில் பெயின்ட் இருந்தாலும் அதே கதிதான், என் ரிம்மில் நடந்ததும் அதுதான்: பெயின்ட் அடித்தவர் குழிகளை மறைக்காமல் அடித்திருந்தார், டயர் கடையில் அந்தப் பெயின்ட்டின் மேலேயே காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னால் இறுக்கினார்கள், செப்பாங் வெயிலிலும் பிரேக் சூட்டிலும் பெயின்ட் நசுங்கி வழிந்தது. குழியில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்து ஸ்டட்டின் மரை. உலர்ந்த வயர் பிரஷால் சுத்தம் செய்து, ஒவ்வொரு நட்டையும் விரலால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் கடித்தால் மரை கெட்டிருக்கிறது, அந்த ஸ்டட்டை மாற்றுங்கள். எண்ணெய், கிரீஸ், ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) எதுவும் வேண்டாம், 86-க்குக் கொடுத்த 120 உலர்ந்த மரைக்கான எண். போர்ஷ தன் சக்கர போல்ட்டுகளுக்கு ஒரு குறிப்பிட்ட பசையைத் தடவச் சொல்கிறது, அவர்களுடைய எண் அந்தப் பசையோடு சேர்ந்து கணக்கிட்டது. உங்கள் புத்தகம் என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்.

நட்டின் வடிவத்தையும் பாருங்கள். இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய ஆபத்து. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு பந்து போல உருண்ட அடி கொண்டது. கடையில் வாங்கும் ஸ்போர்ட் ரிம்மின் குழி பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும், ரெஞ்ச் கிளிக் சொல்லும், கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும். டொயோட்டாவின் சில ஒரிஜினல் அலாய் ரிம்களுக்கு அடி தட்டையாக, வாஷரோடு வரும் நட்டு, அது வேறு. ரிம் மாற்றினால் நட்டும் மாற்ற வேண்டுமா என்று கேட்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். கூடவே நடுத்துளையையும் கேளுங்கள்: 86-இன் ஹப் 56.1 மில்லிமீட்டர், வெளியில் வாங்கும் ரிம்கள் பலவற்றில் துளை 73.1, அதற்கு இடையில் ஒரு ரிங் வேண்டும்.

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டவர்களுக்கு இன்னொன்று. நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தின் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் முழுசாக 8 சுற்று. 86-க்கு அந்த இடைவெளி 1.25, அதனால் கிட்டத்தட்ட 10 சுற்று. விரலால் சுற்றும்போதே எண்ணிவிடலாம். குறைந்தால் நீளமான ஸ்டட் போடுங்கள், அல்லது ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது மாட்டுவது. சக்கரத்தை ஹப்போடு ஒட்டப் பிடித்துக்கொண்டு ஐந்து நட்டையும் விரலாலேயே போடுங்கள். பிறகு சாதாரண சாக்கெட் கைப்பிடியால் நட்சத்திரம் வரைகிற மாதிரி, ஒன்றை விட்டு ஒன்றாக, லேசாக இறுக்குங்கள், சக்கரத்தைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே செய்தால் குழியில் நடுவாக உட்காரும். காரை டயர் தரையைத் தொட்டுச் சக்கரம் சுற்றாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். ரெஞ்சை முதலில் 60-இல் வைத்து அதே நட்சத்திர வரிசையில் ஒரு சுற்று, பிறகு 120-இல் ஒரு சுற்று.

அந்தக் கடைசிச் சுற்றை எப்படி இழுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஒரு கையால் ரெஞ்சின் தலையைச் சாக்கெட்டுக்கு மேல் தாங்கிப் பிடியுங்கள், இன்னொரு கை கைப்பிடியின் நடுவில். நிதானமாக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் எண்ணைத் தாண்டிப் போன பிறகுதான் கிளிக் காதில் விழும். நட்டு மெதுவாக நகர்ந்துகொண்டே வந்து, கையில் ஒரு சின்னத் தளர்வும் டிக் என்ற சத்தமும் வரும்போது நிறுத்துங்கள். உறுதிக்கு இன்னொரு தடவை டிக் டிக் என்று அடிக்கும் பழக்கம் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். நட்டு நகராமலே கிளிக் வந்தால் அது ஏற்கெனவே 120-க்கு மேல் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், 125-ஆகவும் இருக்கலாம், 200-ஆகவும் இருக்கலாம். தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

சிலர் ஸ்பானர் மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 120 நியூட்டன் மீட்டர் என்பது 60 சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் 20 கிலோ தொங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். 70 கிலோ ஆள் அதே நுனியில் ஏறி நின்றால் 400-ஐத் தாண்டிவிடும். ஸ்டட் அப்போதே ஒடியாமல் இருந்தாலும் நிரந்தரமாக நீண்டுபோயிருக்கும், நீண்ட ஸ்டட் பழையபடி பிடிக்காது. டயர் கடையில் ஏர் கன் வைப்பதும் இதே ஆபத்துதான். நான் இப்போது கடைக்குப் போனதுமே, "போஸ், நட்டை விரலால மட்டும் போட்டு விடுங்க, கடைசியா நானே இறுக்கிக்கிறேன்" என்று சொல்லி, ரெஞ்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிரேக்

டிராக்குக்குப் போகும் முன் பேடு மாற்றுவீர்கள், அதனால் இதில் கை வைத்தே ஆக வேண்டும். என் 86-இல் முன் காலிப்பரை (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) தாங்கும் பெரிய போல்ட்டுகளுக்கு 80, பின்னால் 66, பேடு மாற்றக் கழற்றும் ஸ்லைடு பின் (pin) போல்ட்டுகளுக்கு 27, பிரேக் எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகுக்கு 8. இந்த நாலு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு வித்தியாசம். பிளீடர் நடுவில் துளை போட்ட சின்னத் திருகு, சக்கரத்தை இறுக்கின கையோடு அதையும் இறுக்கினால் முறிந்து காலிப்பருக்குள் நின்றுவிடும், பிறகு காலிப்பரையே கழற்றிக்கொண்டு அலைய வேண்டும்.

பிரேக் ஹோஸ் கழற்றினால் அதைக் காலிப்பரோடு பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டின் இருபக்கத்துச் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். அவை நசுங்கித்தான் கசிவை அடைக்கின்றன, பழசு ஏற்கெனவே நசுங்கியது. போல்ட்டு தொலைந்தால் ஹார்ட்வேர் கடையில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் கிடைக்கிறதே என்று வாங்கிப் போடாதீர்கள். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். 10.9 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுத்தால்தான் அறும், அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700-இல் அறும், அதற்கு வெகு முன்பே, 450-இலேயே நீள ஆரம்பித்துவிடும். துருப்பிடிக்காது என்பது வேறு, பலம் என்பது வேறு. ஒரிஜினல் போல்ட்டையே வாங்குங்கள்.

சஸ்பென்ஷன், எண்ணெய், மற்றவை

ஸ்டிரட்டை (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பகுதி) பிடிக்கும் போல்ட்டுக்கு என் காரில் 155, கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாற்றியவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள், மறந்தால் ஓட்டத்தில் கேம்பர் நழுவும். ரப்பர் புஷ் போட்ட சஸ்பென்ஷன் கைகளின் (ஆர்ம்) போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க இறுக்காதீர்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

எஞ்சின் எண்ணெய் பிளக்குக்கு 42, புது வாஷரோடு. அலுமினியப் பானில் மரை போய்விட்டால் செலவு பெரிது. ஸ்பார்க் பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரை என்றால் 25 முதல் 30, 12 மில்லிமீட்டர் என்றால் 15 முதல் 20 என்று என்ஜிகே சொல்கிறது, புது பிளக்கில் ஆன்டி சீஸ் தடவ வேண்டாம் என்றும் சொல்கிறது. முதலில் கையால் சுற்றி உட்கார வையுங்கள்.

புத்தகத்தில் "40 நியூட்டன் மீட்டர், அதன்பின் 90 டிகிரி" என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது அநேகமாக நீளும் போல்ட்டு. ஒரு தடவை இறுக்கினால் நீண்டுவிடும்படியே செய்தது. பெரும்பாலும் ஹெட், கனெக்டிங் ராட், ஐரோப்பியக் கார்களின் ஆக்ஸில் போல்ட்டுகள் இப்படி. திரும்பப் போடக்கூடாது, புதுசுதான்.

ரேஸ் சீட்டும் பெல்ட்டும் போடுகிறவர்கள் கவனிக்க: சீட் பெல்ட் போல்ட்டுகள் பெரும்பாலும் 7/16 அங்குல மரை. கையில் இருக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து ஏற்றினால் ஏறுகிற மாதிரியே இருக்கும், மரையைத் தின்றுகொண்டு.

சாக்கெட்டோடு நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் ரெஞ்சின் எண்ணை மாற்ற வேண்டாம். ரெஞ்சை நீளவாக்கில் நீட்டும் குரோஃபூட் (ரெஞ்சின் முனையில் மாட்டும் திறந்த வாய்த் துண்டு) போட்டால் மாற்ற வேண்டும். ரெஞ்சின் நீளம் 40 சென்டிமீட்டர், குரோஃபூட் 4 சென்டிமீட்டர் கூட்டுகிறது, தேவை 80 என்றால், 80-ஐ 40-ஆல் பெருக்கி 44-ஆல் வகுத்து, ரெஞ்சை 73-இல் வையுங்கள். குரோஃபூட்டை 90 டிகிரி திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

எல்லாம் முடிந்ததும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் நட்டிலிருந்து அது உட்காரும் இடம் வரை ஒரே கோடாக இழுங்கள். இறுக்கிய உடனே ஒவ்வொன்றாகக் கோடு போடுங்கள், கடைசியில் மொத்தமாகப் போடாதீர்கள். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை என்று ஆகிவிடும். பாதி வேலையில் போன் வந்து எழுந்து போய்த் திரும்பி வரும்போது இதன் அருமை தெரியும்.

செப்பாங்கில்

சுற்று 5.543 கிலோமீட்டர், 15 திருப்பங்கள். கடிகாரச் சுற்றில் ஓடுகிறது, வலது திருப்பங்களே அதிகம், அதனால் இடப்பக்கச் சக்கரங்கள்தான் அதிகம் அழுந்துகின்றன. இரண்டு நீளமான நேர்கோடுகளும் பதினைந்தாவது திருப்பத்தில் சேர்கின்றன, ஒன்றின் முடிவில் அங்கே, மற்றதன் முடிவில் முதல் திருப்பத்தில், இரண்டிலும் முழு வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்துகிறீர்கள். இடது முன் சக்கரத்தை எப்போதும் முதலில் பாருங்கள்.

காலையில் போய்ச் சேர்ந்ததும், ஓட்டி வந்த சூடு தணிந்த பிறகு, எல்லா நட்டையும் ஒரு தடவை ரெஞ்சால் பாருங்கள். முதல் செஷனை ஐந்தாறு சுற்றோடு முடித்துவிட்டு வந்து, மஞ்சள் கோடுகளைக் கண்ணால் பாருங்கள். ரெஞ்சை உடனே எடுக்காதீர்கள். அலுமினிய ரிம், இரும்பு ஸ்டட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சூடாக இருக்கும்போது பிடிப்பு கூடித்தான் இருக்கும், அப்போது ஒரு நட்டை வைத்து இறுக்கினால் குளிர்ந்ததும் குறைந்துவிடும். கையை ரிம்மில் வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவு ஆறட்டும், அப்புறம் 120-இல் நட்சத்திரமாக ஒரு சுற்று. கோடு விலகியிருந்தால், ஆறி இறுக்கும்வரை அந்தக் கார் பிட்டை விட்டு வெளியே போகக்கூடாது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், சூடான பேடு டிஸ்க்கில் ஒட்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள்.

ஒரு நட்டு இரண்டாவது தடவையும் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு ஓட்டக் கிளம்பாதீர்கள். எங்கேயோ குழி சரியில்லை, ஹப் முகம் சுத்தமில்லை, அல்லது ஸ்டட் நீண்டுவிட்டது. சக்கரத்தைக் கழற்றிக் காரணம் தெரியும்வரை அன்றைய ஓட்டம் முடிந்தது. நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்றே என்று மனம் அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொண்டிருக்கிறது, இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

சாயங்காலம் டிராக் ரிம்மைக் கழற்றி, சாலையில் ஓட்டும் ரிம்மை மாட்டும்போது களைப்பில் கை தளரும். அப்போதும் அதே வரிசை: துடைத்து, விரலால் போட்டு, 60, 120, கோடு. பிறகு 50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். செப்பாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து சேர்வதற்கே அந்தத் தூரம் ஆகிவிடும். நான் அன்று ராத்திரி காரைத் தொடுவதில்லை, மறுநாள் காலை எஞ்சினைத் தொடங்கும் முன், சக்கரம் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது இருபது நட்டையும் ஒரு சுற்று பார்த்து, நோட்டில் தேதியைப் போட்டு, ரெஞ்சை 40-க்கு இறக்கிப் பெட்டியில் வைக்கிறேன்.